அண்டாவுக்கு வீடு கிடையாது

தாராவியில் ஒன்று, மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒன்று, செம்பூரில் ஒன்று என்று மூன்று இடத்தில் தமிழர் சங்கம் உண்டாக்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. தோல் பை தைக்கும் பட்டறையை இரண்டு மெஷினில் தொடங்கிப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் மூன்று மழைக்காலம் கூரையைக் கொண்டுபோயிற்று. இத்தனையும் செய்தவனுக்குச் செம்பூர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் கிடைத்த இடம் "மற்றும் பலர்". எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் ஆயிற்றே, அவசரத்தில் என் பெயரைத் தாண்டிவிட்டேனோ என்று இன்னொரு தடவையும் வாசித்தேன். தாண்டவில்லை. ஆகவே மலரில் இல்லாததை நானே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தாராவியில் நாங்கள் குடியிருந்த கோலி, அதாவது எங்கள் முழு வீடும், பத்துக்குப் பத்து அறை; அதில் ஆறு பேர். ஊர்க்காரர்கள் சேர்ந்து விசேஷங்களுக்கென்று பெரிய அண்டா ஒன்று வாங்கினோம். யார் வீட்டில் வைப்பது? அண்டா உள்ளே வந்தால் ஓர் ஆள் வெளியே படுக்க வேண்டும். அப்போது நான் போட்டேன் சட்டம்: அண்டாவுக்கு வீடு கிடையாது. கல்யாணம் முடிந்த வீட்டுக்காரர் அதைத் துலக்கி, அடுத்த விசேஷம் எங்கேயோ அங்கே தானே சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும். போனவர் சும்மா திரும்ப முடியுமா? டீ குடிப்பார், எந்த ஊர், யார் மகன் என்று விசாரிப்பார். அப்படித்தான் சனம் ஒன்று சேர்ந்தது, மேடைப் பேச்சால் அல்ல.

லேபர் கேம்ப்புக்குக் குடிபோனேன். வேறு அண்டா, அதே சட்டம். பிறகு செம்பூர். அங்கே எல்லோரும் படித்தவர்கள். முதல் கூட்டத்திலேயே ஓர் அம்மாள் கேட்டாள்:

"இதுல நான்-வெஜ் பண்ணுவேளா?"

"ரெண்டு வாங்கியிருக்கேம்மா. கைப்பிடியில செவப்பு அடிச்சது உங்க வாசலுக்கே வராது."

சிவப்பு அண்டா யார் யார் வீட்டுக்குப் போனது என்ற பட்டியலை நான் வெளியிட்டால் சங்கத்தில் பாதிப் பேர் முகத்தை மூடிக்கொண்டு நடக்க வேண்டிவரும். வெளியிடமாட்டேன். நான் மரியாதை தெரிந்தவன்.

ஒரே ஒரு தவறு செய்தேன். ஓர் ஆபீஸ்காரரை, இங்கிலீஷில் கடிதம் எழுதுவார் என்று, செயலாளர் ஆக்கினேன். அவர் வந்ததும் அண்டாக்களுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தை மூன்று நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டுமாம். ஒரு வருஷம் அண்டாக்கள் உள்ளே பத்திரமாக இருந்தன. வெளியே, எதிர்வீட்டுக்காரன் பெயர் எவனுக்கும் தெரியாமல் போயிற்று.

ஒரு புதன்கிழமை காலை பக்கத்துக் கட்டிடத்துத் தையல்காரரின் மனைவி இறந்துபோனாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கம்தான் சமைத்துப் போட வேண்டும். சாவியோ செயலாளர் பையில், செயலாளர் லோக்கல் ரயிலில். தையல்காரரின் தம்பி என்னிடம் ஓடி வந்தார்.

"தாணேயில இருந்தெல்லாம் ஆளு வந்துக்கிட்டிருக்கு அண்ணாச்சி. என்ன செய்ய?"

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா வே?"

கீலைக் கழற்றிக் கதவைப் பூட்டோடு சுவரில் சாய்த்தேன். கைப்பிடியில் நிறமில்லாத அண்டாவை என் தலையிலேயே தூக்கிவந்தேன். மத்தியானத்துக்குள் சாம்பார் சாதம் தயார். ஒரு வருஷமாக முகம் பார்க்காத பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். சாயங்காலம் செயலாளர் வந்தார்.

"பூட்டை உடைச்சது நியாயமில்லை அண்ணாச்சி. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

"பூட்டு பத்திரமா இருக்கு சார். கதவுதான் எடம் மாறியிருக்கு."

"அப்ளிகேஷன்?"

"அந்தப் பிள்ள அவசரமாப் போயிட்டா சார். எழுதிக் குடுக்க நேரமில்ல."

சாவு வீட்டு அண்டாவைத் தங்கள் வீட்டுக் காதுகுத்துக்குத் தொடமாட்டோம் என்று பிறகு நாலு பேர் கிளம்பினார்கள். அதற்கும் தாராவியிலிருந்தே என்னிடம் வழி இருந்தது. சாவு வீட்டிலிருந்து அண்டா நேராக என் வீட்டுக்கு வரும். அதில் பாயசம் காய்ச்சி எல்லோருக்கும் கொடுப்பேன். வாங்கிக் குடித்தவன் அப்புறம் தீட்டு என்று எந்த வாயால் சொல்வான்? நாலு பேரும் குடித்தார்கள். ஒருவர் இரண்டாவது டம்ளர் கேட்டார். அண்டாக்கள் மறுபடி வீடு வீடாகச் சுற்றத் தொடங்கின. அறையில் விண்ணப்பக் கட்டு மட்டும் இருந்தது.

இப்போது மலர் சொல்கிறது: "வீடுதோறும் பாத்திரம் சுற்றிவரும் முன்னோடித் திட்டத்தை நமது செயலாளர் வகுத்தளித்தார்." வெளியீட்டு விழாவில் அதை வாசித்தபோது அவர் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை. கைதட்டலையும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு மாலையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். விற்காத பிரதிகள் கட்டாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த வரியின் மேல் புதுச் சீட்டு ஒட்டுங்கள். சட்டம் போட்டவன் நான் என்று என் பெயர் அதில் வர வேண்டும், என் அப்பாவின் முதலெழுத்தோடு. பசை நான் தருகிறேன். தோல் ஒட்டும் பசை. பிறகு யாராலும் கிழிக்க முடியாது.