நீச்சல் பாடம்

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் ஓல்டன் நகருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டுப் பிள்ளை. அவளுடைய கைகளில் தோல் எப்போதும் வெடித்து உரிந்திருக்கும். அது தொற்றாது என்று ஆசிரியை சொல்லியும், அவள் தொட்ட கதவுப் பிடியை மற்றவர்கள் சட்டைக் கையை இழுத்துவிட்டுத்தான் பிடிப்பார்கள். என்னை அவர்கள் அந்த அளவுக்கு ஒதுக்கவில்லை. எதற்கும் கூப்பிடவுமில்லை. அந்த வகுப்பில் தமிழ்ப்பிள்ளை நான் மட்டும்தான்.

பள்ளி நூலகத்தில் ஜெர்மனில் வந்த ஜப்பானியச் சித்திரக்கதைகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. இடைவேளைகளில் நாங்கள் இருவரும் ஒரே புத்தகத்தை வலமிருந்து இடமாக வாசிப்போம். அவற்றிலும் வகுப்பே சேர்ந்து ஒருத்தியை ஒதுக்கும். அவள் அழுதுகொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவாள். அங்கே அவளைப் போலவே இன்னொருத்தி நிற்பாள்.

"எங்கள் பள்ளியில் மாடிக்கதவைப் பூட்டிவிடுகிறார்களே" என்றாள் என் தோழி ஒருநாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நீச்சல் பாடம். அவள் பள்ளியின் உள்ளரங்கக் குளத்தில் இறங்கியதும் ஒருத்தி "வெளியே!" என்று கத்தினாள். எல்லாரும் மளமளவென்று ஏறிக் கரையில் உட்கார்ந்தார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஆசிரியையும் சிரித்தார். நான் ஏறவில்லை.

அவள் என்னருகே வந்தாள். "நீயும் போ. இல்லையென்றால் உன்னையும் விடமாட்டார்கள்."

"பரவாயில்லை" என்றேன்.

மறுநாளிலிருந்து நான் உட்காரும் கதிரையையும் யாரும் தொடவில்லை.

வேலை முடிந்து வந்த அம்மாவிடம் சொன்னேன். "நீயேன் பிள்ளை தண்ணிக்குள்ள நிண்டனி? வந்த இடத்தில எங்களுக்கேன் சண்டை?" என்றார்.

"நான் இஞ்சதானே அம்மா பிறந்தனான்."

"ஓம். அது அவைக்கெல்லோ தெரியவேணும்."

ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. தொலைவில் லோசான் நகரில் அவளுடைய சித்தி வீட்டில் விட்டிருப்பதாக ஆசிரியை சொன்னார். என் செய்திகளுக்குப் பதில் வராததால் அவளுடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். தாய் அன்பாகத்தான் பேசினார்.

"அந்தப் பள்ளியில் இருந்த யாரோடும் பேச அவளுக்கு விருப்பமில்லை. நீ தவறாக எடுக்காதே."

நான் அவர்களில் ஒருத்தி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அடுத்த வருடம் காலையில் பல நாள் என்னால் எழும்ப முடியாதுபோல இருந்தது. அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார். காய்ச்சல் இருக்காது. "எழும்பு பிள்ளை, பஸ் போகப்போகுது" என்பார். நான் எழும்பிப் போவேன்.