கார் மறையும்வரை நின்ற கப்பல் தலைவர்

“எங்கள் அப்பாவிடமும் இதில் ஒன்று இருந்தது” என்றார் முன்வீட்டு அம்மா, பழைய கார் ஒன்றைப் பற்றிச் சொல்வதுபோல.

அது கோடைகாலப் பின்னேரம். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக் கராஜைத் திறந்து வைத்துவிட்டு, முழங்கை நீளத்தில் நானே ஒட்டிய ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். பெயின்ற் மணத்துக்கு வீட்டுக்குள் அம்மா தடை போட்டிருந்தார். முன்வீட்டு அம்மா ஜெர்மன்காரர், எண்பதைத் தாண்டியவர், நாங்கள் குடிவருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தெருவில் இருந்தவர். தினமும் பின்னேரம் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடப்பார். அன்றைக்கு எங்கள் கராஜுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“மொடலா?” என்று கேட்டேன்.

“இல்லை, உண்மையான கப்பல். அவர்தான் அதன் தலைவர்.”

தூரிகை கைநழுவி அம்மாவின் ஊறுகாய்ப் போத்தல் பெட்டிக்குள் விழுந்தது. உலகத்தில் எத்தனையோ தெரு இருக்க, நீர்மூழ்கிப் பைத்தியம் பிடித்த ஒருத்திக்கு முன்வீடு இப்படி வாய்க்குமா? எஞ்சினியரிங் படிக்கிறேன் என்பது பெயருக்குத்தான். ஐம்பது பேரை ஒரு இரும்புக் குழாய்க்குள் அடைத்துக் கடலுக்கடியில் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்விதான் பள்ளிக்கூட நாளிலிருந்து என்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது. அந்தக் கோடை முழுக்க அவர் வீட்டுக் குசினியில்தான் இருந்தேன். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய அப்பா கடலே இல்லாத ஒரு ஊரில் மணிக்கூடு திருத்துபவரின் மகன். பதினைந்து வயதில்தான் கடலைக் கண்டாராம். கண்ட கையோடு சரக்குக் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்து கொழும்பு வரைக்கும் போயிருக்கிறார். (“அப்ப எங்கட ஆள்தான்” என்றார் யாழ்ப்பாணத்தவரான என் அப்பா இதைக் கேட்டு.) பிறகு சரக்குக் கப்பலில் வேலை இல்லாமல் போக, கடற்படைக்குப் போனார். நீர்மூழ்கிப் பயிற்சி, கல்யாணம், போர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இருபத்தெட்டு வயதில் ஒரு கப்பல் முழுவதும் அவர் கையில். கப்பலில் இருந்தவர்கள் அவரைக் ‘கிழவர்’ என்பார்களாம். எந்த நீர்மூழ்கியிலும் தலைவருக்கு அதுதான் பட்டப்பெயர். என் அண்ணனைவிட இளைய கிழவர்.

முதல் பயணங்களில் ஒன்றில், அத்திலாந்திக்கில் தானியம் ஏற்றி வந்த ஒரு கப்பலை அவர் மூழ்கடித்தார். பிறகு மேலே வந்து, உயிர்காப்புப் படகில் தப்பியவர்களிடம் கப்பலின் பெயரைக் கேட்டு, கறுத்த பாண் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து, கரை இருக்கும் திசையையும் காட்டிவிட்டுப் போனார். சில காலத்தில், தப்பியவர்களுக்கு உதவக் கூடாது என்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. அவர் கீழ்ப்படிந்தார். அதன்பின் மூழ்கடித்த கப்பல்களுக்கு அவர் மேலே வரவில்லை.

“அதையும் எழுதிக்கொள்” என்றார் முன்வீட்டு அம்மா. “பாண் கொடுத்ததை மட்டும் எழுதாதே. அவர் அந்தக் கொடியின் கீழ்தான் போனார், கடைசிவரைக்கும் போனார்.”

கடைசி என்பது ஒரு விடியற்காலை. மேலேயிருந்து போட்ட குண்டுகளில் அவருடைய கப்பல் பிளந்து, பாதிப்பேர் உள்ளேயே போய்விட, மிச்சப்பேரை எதிரிக் கப்பல் வலை போட்டு ஏற்றியது. அவரைக் கைதியாக்கிக் கனடாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிருந்து கிழக்கே ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருந்த முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர், சில வருடங்களில் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, தன்னை அடைத்து வைத்த நாட்டுக்கே குடியேறி வந்துவிட்டார். இதே ஸ்காபரோவில் வீடு வாங்கி, வீட்டுச் சூடேற்றிகள் செய்யும் தொழிற்சாலையில் வரைபடம் வரைந்தே வாழ்ந்து முடித்தார். கடல்போல் விரிந்த வாவி இத்தனை கிட்ட இருந்தும் ஒருநாளும் அதன் பக்கம் போனதில்லை.

“அப்பா தானாக என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்” என்றார் முன்வீட்டு அம்மா ஒருநாள். “அந்தப் பாண் கொடுத்த படகு கண்ணுக்கு மறையும்வரை கோபுரத்திலேயே நின்று பார்த்தாராம். விமானம் வந்தால் எல்லாரும் சாவோம் என்று ஆட்கள் கெஞ்சினார்களாம். நின்றாராம்.” கோபுரம் என்பது நீர்மூழ்கியின் முதுகில் நிற்கும் மேடை. “உண்மையோ, தன் மனசுக்காகச் சொன்னதோ. எனக்குத் தெரியாது.”

நான் சும்மா இருப்பேனா? அன்றிரவே இணையத்தில் நீர்மூழ்கிப் பிரியர்களின் குழு ஒன்றில் அந்தத் தானியக் கப்பலைப் பற்றி விசாரித்தேன். ஒரு வாரத்தில் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். அவருடைய அப்பா அந்தப் படகில் கரை சேர்ந்தவர். இவர் தன் பேரப்பிள்ளையைப் பார்க்க இலையுதிர் காலத்தில் ரொறன்ரோ வருகிறாராம். தலைவரின் மகளைச் சந்திக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடினேன்.

“உன்னை யார் கேட்கச் சொன்னது?” என்றார் முன்வீட்டு அம்மா. கதவைப் பாதிதான் திறந்திருந்தார். “அவருக்கு நான் என்ன சொல்ல? உங்கள் அப்பாவின் கப்பலை எங்கள் அப்பா உடைத்தார், பிறகு பாண் கொடுத்தார் என்றா? அவர் வந்து, உங்கள் அப்பா நிற்கவேயில்லை, உடனே போய்விட்டார் என்று சொன்னால்? என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.”

கதவு சாத்திக்கொண்டது. நான் கராஜுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா தூண்டில்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மீன்பிடிப் பிரியர்; ஆனால் கரையில் நின்றுதான் பிடிப்பார், படகில் ஏறமாட்டார்.

“எடி பிள்ளை, படகில கிடந்தவன் வீட்டுக்குள்ள இருக்க, நீ கொம்பியூட்டரில தேடுறாய் என்ன?”

அப்பா இந்த நாட்டுக்கு வந்த விதம் எங்களுக்குத் தெரியும். இளவயதில் அகதியாக ஜெர்மனியில் ஒரு கப்பலில் ஏறினார். கனடாக் கரைக்கு இன்னும் தூரம் இருக்கையிலேயே கப்பல் தலைவன் எல்லாரையும் உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுப் போனான். பிறகு மீன்பிடிக்காரர் கண்டு ஏற்றினார்கள். இவ்வளவும் தெரியும். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது அப்பாவின் கதை, இது வரலாறு என்று இரண்டு பெட்டியாக வைத்திருந்தேன் போல.

அடுத்த சனிக்கிழமை முன்வீட்டு அம்மா தானாகவே வந்தார். என்மேல் கோபப்பட்டதற்கு வருத்தம் சொல்லத்தான் வந்தார். அப்பா எழுந்து பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டார்.

“மிஸிஸ், நானும் அப்பிடி ஒரு படகில இருந்தனான்.”

அப்பாவின் ஆங்கிலம் தமிழில் யோசித்து வருவது. ஆகவே அதை அவர் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா நடந்ததைச் சொல்லி முடித்தார். முன்வீட்டு அம்மா கேட்டார். “உங்களை விட்டுப் போன அந்தத் தலைவரின் மகள் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?”

“முதல் தேத்தண்ணி குடுப்பன். பிறகு கேப்பன், உங்கட அப்பா திரும்பிப் பாத்தவரோ எண்டு.”

“வேறு ஒன்றும் இல்லையா?”

“தண்ணி தந்தவங்கள், பிஸ்கற் தந்தவங்கள். பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்தக் கப்பல் போகேக்க நாங்கள் எல்லாரும் அதின்ர பின்பக்கத்தையே பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். ஒருத்தன் எண்டாலும் வந்து எட்டிப் பாப்பான் எண்டு. ஒருத்தரும் வரேல்லை. லைற்றையும் நிப்பாட்டிப்போட்டுப் போட்டாங்கள்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக்கு யார் வந்துவிட்டுப் போனாலும் அப்பா கராஜ் வாசலுக்கு வந்து, அவர்களுடைய கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நிற்பார். பனி கொட்டினாலும் நிற்பார். “இஞ்சாருங்கோ, சூடெல்லாம் வெளியில போகுது, கதவைச் சாத்துங்கோ!” என்று அம்மா உள்ளேயிருந்து கத்துவார். யாழ்ப்பாணத்து ஆட்கள் வழியனுப்புகிற பழக்கம், கொஞ்சம் கூடிவிட்டது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

முன்வீட்டு அம்மாவும் அதைக் கவனித்திருக்கிறார். “அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் அப்பாதான் நினைவு வருவார். அவரும் கார் மறையும்வரை நிற்பார். எங்கள் அம்மாவும் சூடு போகிறது என்றுதான் கத்துவார்.” பிறகு மெல்லக் கேட்டார். “நோவா ஸ்கோஷியாக்காரர் வந்து, இல்லை, நிற்கவில்லை என்று சொன்னால்?”

“அப்ப இல்லை எண்டு தெரியும். தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ. ஒண்டு மட்டும் மிஸிஸ், பாண் வைக்காதேங்கோ. ஆரும் தந்த பாணை அப்பிடி நேரத்தில வாயில வைக்கேக்க கோபம் வரும். ஆனா சாப்பிடுவம். அது அந்தாளின்ர மகனுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

“நான் கறுத்த பாண்தான் போடுவதாக இருந்தேன்” என்றார் அவர், திடுக்கிட்டு.

“உங்கட கறுத்த பாணை எங்களுக்குத் தாங்கோ. எங்கட மீன் ரோல்ஸை நீங்கள் வையுங்கோ.”

இலையுதிர் காலத்தில் நோவா ஸ்கோஷியாக்காரர் வந்தார். வாடகைக் காரில், நரைத்த தாடியோடு, மேப்பிள் சிரப் போத்தல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு முன்வீட்டு வாசலில் நின்றார். இரண்டு பேரும் கைகுலுக்குவதா வேண்டாமா என்று தடுமாறியது எங்கள் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா மீன் ரோல்ஸ் தட்டை என் கையில் திணித்தார். “குடுத்திட்டு உடன வா. அங்க இருந்து நீர்மூழ்கிக் கதை அளக்காத.”

நான் உடனே வருவேனா? மேசையின் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் பேரப்பிள்ளையைப் பற்றியும், வீதி நெரிசலைப் பற்றியும், இந்த வருட இலைகளைப் பற்றியும் பேசினார்கள். முன்வீட்டு அம்மாவின் கை தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கேட்கவேண்டியதை அவர் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“உங்கள் அப்பா துடுப்பு வலித்தாரா?” என்று கேட்டேன். வாய் முந்திக்கொண்டது.

“வலித்தார். எஞ்சின் அறையில் நிலக்கரி அள்ளினவர். படகில் தோள்பலம் உள்ளவர் அவர்தான்.”

துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் இருக்கவேண்டும். விட்டுவந்த இடம்தான் அவர் கண்முன்னால் இருக்கும். அப்படியென்றால் அவர் முழுநேரமும் நீர்மூழ்கியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆனால் அதற்கு மேல் என் கேள்வி அல்ல. முன்வீட்டு அம்மாவைப் பார்த்தேன்.

“எங்கள் அப்பா...” என்றார் அவர். “உடனே மூழ்கிப் போய்விட்டாரா?”

வந்தவர் ரோலைத் தட்டில் வைத்தார். “இல்லை. அதுதான் எங்கள் அப்பாவின் கெட்ட கனவு. அது போகவேயில்லை. மேடையில் ஒரு ஆள் நின்று தங்களையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பாண் தந்தது நடிப்பு, இப்போது சுடப்போகிறான் என்று நினைத்துக் கை தோல் உரிய வலித்தார்களாம். கண்ணுக்கு மறையும்வரை அந்த ஆள் நின்றானாம். ஏன் நின்றான் என்று சாகும்வரை கேட்டார். உங்களிடம் கேட்கத்தான் வந்தேன்.”

முன்வீட்டு அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

“நீங்கள் பத்திரமாகப் போகிறீர்களா என்று பார்ப்பதற்காக நின்றார்” என்றார். “அவர் அப்படித்தான். ஐயோ, கடவுளே. அவர் நின்றதால் உங்கள் அப்பா இன்னும் பயந்தார்.”

“பயத்தில்தான் வேகமாக வலித்தார்கள்” என்றார் வந்தவர், தாடியைத் தடவிக்கொண்டு. “இருட்டுவதற்குள் கரை கண்டது அதனால் என்றும் சொல்வார்.” பிறகு மறுபடி ரோலை எடுத்துக் கடித்தார். இது என்ன மீன் என்று என்னிடம் கேட்டார்.

வெளியே வந்தபோது குளிர் ஏறியிருந்தது. அவர் காரில் ஏறினார். முன்வீட்டு அம்மா கைத்தடியோடு தன் வீட்டுப் பாதையின் முனைவரை வந்தார். எதிர்ப்பக்கத்தில் அப்பா வழக்கம்போல் கராஜ் வாசலில் நின்றார். நான் ஓடிப்போய் உள்ளே நடந்ததை அவரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். கார் பின்வாங்கித் தெருவில் இறங்கியதும் முன்வீட்டு அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“நான் உள்ளே போகட்டுமா?” என்று தெருவுக்குக் குறுக்காகக் கேட்டார். “பார்த்துக்கொண்டு நின்றால் பயப்படுவாரோ?”

“நில்லுங்கோ மிஸிஸ்! உவர் கார்தானே ஓடுறார், துடுப்பு வலிக்கேல்லை.”

அவர் நின்றார். தெருமுனையில் கார் பின்பக்கச் சிவப்பு விளக்கெரிய நின்றது. அங்கே வேறு வாகனம் எதுவும் இல்லை. நிற்க வேண்டியதைவிட அதிக நேரம் நின்றது.

“கண்ணாடியில பாக்கிறார்” என்றார் அப்பா.

முன்வீட்டு அம்மா கைத்தடியைத் தூக்கி ஆட்டினார். விளக்கு அணைந்தது. கார் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகும் இரண்டு பேரும் உள்ளே போகவில்லை.

“இஞ்சாருங்கோ, சூடு!” என்று அம்மா கத்தினார்.