எட்டாம் நம்பர் ஜேர்சி

இன்று ஸ்டோவ்னர் போகும் டி-பான் ரயிலில் சிவம் அண்ணையைக் கண்டேன். எங்கள் தமிழ் உதைபந்தாட்ட அணியில் முன்பு என்னோடு விளையாடியவர்.

"அண்ணை, கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பினமே, அந்த வருசத்தின்ரை ஞாபகமா எட்டாம் நம்பரை இனி ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதெண்டு கழகக் கூட்டத்திலை கேட்டிருக்கிறன்" என்றேன்.

அந்த வருடம் முழு மட்சுக்கும் எங்கள் இருவருக்கும் லீவு கிடைக்காது. எட்டாம் நம்பர் ஜேர்சி இருவருக்கும் பொது. முதல் பாதியை விளையாடி, கழற்றிக் கொடுத்துவிட்டு நான் ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவ ஓடுவேன். பேக்கரி வேலை முடித்து நேரே வரும் சிவம் அண்ணை, என் வியர்வை சொட்டும் அதே ஜேர்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குவார்.

ஒருநாள்கூடப் பிந்தவில்லை. ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை.

இன்று சொன்னேன்.

"அதை விடும்" என்று சிரித்தார். பிறகு, "இப்ப எட்டு ஆரிட்டை இருக்கு?" என்றார்.

"சென்னையிலையிருந்து வந்த இஞ்சினியர் ஒருத்தர். வேலையாலை அவரும் பாதி மட்சுக்குத்தான் வாறார்."

"பிறகேன் பூட்டி வைக்கப் பாக்கிறீர்? இன்னொருத்தரைப் பிடிச்சு ரெண்டு பேருக்குக் குடும்."

அம்மருட் நிலையத்தில் இறங்கிப் போய்விட்டார்.

என் கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன். இரண்டாம் பாதிக்கு ஓர் ஆள் தேவை, விருப்பமுள்ளவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்.

ஜேர்சி ஈரமாகத்தான் கிடைக்கும்.