ஞாயிற்றுக்கிழமைச் சலவை

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னர் எழுத்தில் கையளிக்கப்படும் முன்மொழிவை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடவேண்டும். எங்கள் குடியிருப்பின் விதி அது. டென்மார்க்கில் கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்தில் கோப்புகளோடு நரைத்த எனக்கு அதைப் பார்த்துப் படிக்கத் தேவையில்லை.

மேல்மாடிப் பெண் பதினாறு நாள் முன்னரே கையளித்திருந்தார். கொங்கோவிலிருந்து வந்தவர், முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அங்கே சந்தைப் பெண்களின் தலைவியாக இருந்தவர். தண்ணீர்க் குழாய் வரும்வரை அதிகாரியின் முற்றத்தில் நாற்பது பேரோடு உட்கார்ந்திருந்தவர். இங்கே கேட்டது சின்ன விடயம்: பொதுச் சலவை அறையை ஞாயிற்றுக்கிழமையும் திறக்கவேண்டும். சனியும் வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோய்க்க வேறு நாள் இல்லை. கதவு கதவாகத் தட்டி, ஒவ்வொரு பெண்ணும் சொன்னதைக் கேட்ட பிறகே எழுதினார். டெனிஸ் மொழி இலக்கணம் மட்டும் என்னுடையது.

கூட்டத்தன்று நிகழ்ச்சிநிரலில் அது இல்லை. நிர்வாகசபைத் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், புன்னகைத்தார்.

“அதை ‘வேறு விடயங்கள்’ பகுதியில் பேசலாம்.”

அந்தப் பகுதியில் எதையும் பேசலாம். எதையும் தீர்மானிக்க முடியாது. அதுவும் விதிதான். நான் எழுந்து அந்த இரண்டு வார விதியைச் சொன்னேன்.

“கோப்பி ஆறுகிறது,” என்றார் தலைவர். சிரித்தார்கள். எங்கள் தமிழ் ஆட்களும்.

பக்கத்துக் கதிரையிலிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். “இருங்கோ அண்ணை. உந்த ஆபிரிக்காப் பொம்பிளையளுக்காக ஏன் வெள்ளையளோட கொழுவுறியள்?”

“தம்பி, உம்மடை மனுசிக்கும் ஞாயிறு மட்டும்தானே லீவு?”

“அவ கையாலை தோய்ப்பா.”

மனைவி வாங்கிய பட்டம்போல அதைச் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். தலைவரின் தந்திரம் எனக்குப் புதிதல்ல. எங்கள் தமிழ்ச் சங்கப் பெண்கள் நிர்வாகசபையில் இரண்டு இடம் கேட்டு எழுதியபோது, செயலாளராக இருந்து அதை ‘வேறு விடயங்கள்’ பகுதிக்குத் தள்ளியவன் நான்தான். பேசவிட்டோம், கைதட்டினோம், அவர்கள் வடை சுடப் போனார்கள்.

கூட்டம் முடிந்தும் மேல்மாடிப் பெண்ணோடு முன்மொழிவுக்காக வந்திருந்த பெண்கள் எழவில்லை. தலைவர் கோப்பிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“எங்கள் அதிகாரியாவது வெளியே வந்து ஏசினான்,” என்றார் மேல்மாடிப் பெண். “இவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.”

வாடகையாளர் முறைப்பாட்டுச் சபைக்கு நான் எழுதினேன். முன்மொழிவைப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் இணைத்தேன். ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று தானியங்கிப் பதில் உடனே வந்தது. பிறகு கோடை வந்தது, இலை உதிர்ந்தது. நிர்வாகசபை, இயந்திரங்கள் பழசாகிவிட்டன என்று சொல்லி, அவற்றை லொறியில் ஏற்றி அனுப்பியது. அறையில் இப்போது மேசைப்பந்து மேசை. அதில் யாரும் விளையாடி நான் கண்டதில்லை.

மேல்மாடிப் பெண் மறுபடியும் கதவு தட்டப் போனார். இம்முறை முன்மொழிவு இல்லை. அடுத்த நிர்வாகசபைத் தேர்தலுக்கு ஐந்து பெண்களின் பெயர்கள். கையால் தோய்க்கும் அந்த மனுசியின் பெயர் இரண்டாவது. கணவருக்கு இன்னும் தெரியாது.

முறைப்பாட்டுச் சபை என் முறைப்பாடு சரி என்று தீர்ப்பளித்தது. முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விட்டிருக்க வேண்டுமாம். ஆனால் சலவை அறையே இல்லாததால் மேலதிக நடவடிக்கை அவசியமில்லையாம். இரண்டு பக்கம், பிழையில்லாத டெனிஸ். வந்து சேர்ந்தது, லொறி போய்ப் பன்னிரண்டாம் நாள், நவம்பர் மாத முதல் திங்கட்கிழமை.