ஆண்டனி ராஜின் வேனும் ஜெயிக்கத் தொடங்கிய சூறாவளியும்

கரடியூரிலிருந்து ஏற்காட்டுக்குக் காலையில் அரசு பஸ் உண்டு. சொன்ன நேரத்துக்கு வரும். உட்கார இடம் கிடைக்கும். பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பஸ்ஸைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, அதில் ஏறப் பலருக்கு மனசு வரவில்லை. பனியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, காசு கொடுத்து, ஆண்டனி ராஜின் வேனில்தான் ஏறினார்கள். அந்த வேனில் ஒரு ஜன்னல் ஏறாது, இன்னொன்று இறங்காது. பின்சீட்டில் ஸ்பிரிங் எங்கே துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் மட்டுமே அங்கே உட்காரலாம்.

அப்படி என்ன விசேஷம் என்றால், டிரைவரின் வாய்தான்.

ஆண்டனி ராஜ் ஐம்பதைத் தாண்டியவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். யாரையும் ஒரு சுடுசொல் சொல்ல மாட்டார். மனிதர்கள் மேல் காட்டாத கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து 'சேலம் சூறாவளி' என்ற கபடி அணியின் மேல் கொட்டினார். மாநில லீக் தொடங்கிய வருஷத்திலிருந்து அவர் அதன் ரசிகர். லீக் தொடங்கிய வருஷத்திலிருந்து அது தோற்று வந்தது. வேனின் முன்கண்ணாடியில் மாதா படமும், அதற்குக் கீழே சூறாவளியின் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தன. மாதாவின் பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"பேரு பாருங்க, சூறாவளி" என்று கிளட்சை மிதித்துக்கொண்டே ஆரம்பிப்பார். "இது வந்துட்டுப் போனா கொடியில காயற துணிகூட அசையறதில்லைங்க."

கேப்டன் சதாசிவத்துக்கு முழங்கால் வலி, இரண்டு வாரம் ஓய்வு என்று செய்தி வந்தால், "ரெண்டு வாரமா? அந்தக் காலு டீமுல சேந்ததுல இருந்தே ஓய்வுலதானுங்க இருக்குது. இப்பத்தான் ஊருக்குச் சொல்றாங்க" என்பார். வடக்கேயிருந்து ஆறடி உயரத்தில் ஒரு தடுப்பாட்டக்காரனை வாங்கினார்கள். "அவனைப் பிடிக்கறதுக்கு வாங்கலைங்க. விழுந்தா எடம் அடைக்கும், அதுக்கு வாங்கியிருக்கறாங்க." அணிக்குள் சண்டை என்று வதந்தி கிளம்பி, கோச் அதை மறுத்து ஒற்றுமையாக இருக்கிறோம் என்று பேட்டி கொடுத்தார். ஆண்டனி ராஜ் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். "ஒத்துமையாத்தானுங்க இருக்கறாங்க. ஏழு பேரும் சேராம இவ்வளவு பெரிய தோல்வி கெடைக்குமா?"

ஆனால் அவருடைய செல்லப் பிள்ளை கவின்குமார். இருபத்திரண்டு வயது ரெய்டர். தலைமுடி எண்ணெய் விளம்பரத்தில் நடித்தவன். "பாடிப் போறவன் தலையைச் சீவிட்டுப் போறானுங்க. எதிராளி ஒரு நிமிசம் நின்னு அழகு பாத்துட்டு அப்புறமா பிடிக்கறான்."

காப்பிப் பழம் பறிக்கப் போகும் மாதம்மாள், அதைக் கேட்டுச் சிரித்து, கையிலிருந்த சோற்றுத் தூக்குப்போசியைப் பலமுறை கவிழ்த்திருக்கிறாள். அவளுக்குக் கபடியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதே சந்தேகம். கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கும் ஜீவானந்தத்துக்கு விளையாட்டே பிடிக்காது. தீபிகா டீச்சர் ஒரு ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனாலும் சூறாவளி தோற்ற மறுநாள் மூவரும் முன்சீட்டுக்குப் போட்டி போடுவார்கள். வாரத்துக்கு இரண்டு தோல்வி என்பது அந்த வேனுக்கு டீசலைப் போல.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான், போன சீசனில், சூறாவளி ஜெயிக்க ஆரம்பித்தது.

முதல் வெற்றியை ஆண்டனி ராஜ் விபத்து என்று விளக்கினார். இரண்டாவதற்கு, எதிரணி முதல் நாள் ஓட்டலில் கண்டதைத் தின்றிருக்கும் என்றார். மூன்றாவதை விளக்க முடியவில்லை. அவரும் மனிதர்தானே, இத்தனை வருஷம் காத்திருந்தவர். ஜெயித்த இரவு மனைவி இன்பமேரியை எழுப்பிச் சொல்லிவிட்டு, அவள் திட்டியது காதில் விழாமல் தூங்கிப்போனார். மறுநாள் காலை வேன் கிளம்பியது. எல்லோரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா வெளையாடுனாங்க" என்றார்.

வேன் ஒரு வளைவைத் தாண்டியது.

"அப்புறமுங்க?" என்றாள் தீபிகா டீச்சர்.

"அப்புறம் ஜெயிச்சுட்டாங்க டீச்சர்."

பாராட்டு அவருக்கு வரவில்லை. 'அபாரம்' என்றார், 'அருமை' என்றார்; கல்யாணப் பத்திரிகையை வாசிப்பதுபோல் இருந்தது. கவின்குமார் ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்ததை அவர் விவரித்தபோது ஜீவானந்தம் குறட்டை விட்டார். மாதம்மாள் மட்டும் வெளிப்படையாகக் கேட்டாள்.

"ஏனுங்க ஆண்டனி, உடம்புக்கு முடியலீங்களா?"

"இல்லீங்கக்கா, நல்லாத்தான் இருக்கறேன்."

"பின்ன என்னத்துக்கு இப்படிப் பேசறீங்க? சும்மா வர்ற பஸ்ஸை உட்டுட்டு இதுக்கா உங்க வண்டியில ஏறுனோம்? ரெண்டு வார்த்தை திட்டுங்க சாமி, வேலைக்குப் போற நேரம்."

திட்ட முயன்றுதான் பார்த்தார். ஜெயித்த அணியைத் திட்டுவதற்குப் பொய் வேண்டும். அவருக்குப் பொய் வராது. அவர் வசவுக்கெல்லாம் சத்தியம்தான் கைமுதல். அந்தக் கைமுதலைச் சூறாவளியே வாரிக்கொண்டு போய்விட்டது.

இந்த நேரம் பார்த்து உள்ளூர்க்காரர் காளியண்ணன் அதே ரூட்டில் புது வேன் இறக்கினார். சாய்ந்துகொள்ளும் சீட்டு, ஊதா விளக்கு, டிரைவர் தலைக்கு மேலே டி.வி. அதில் நாள் முழுக்கச் சிரிப்புக் காட்சிகள் ஓடின. முதலில் ஜீவானந்தம் போனார். முதுகு வலி என்று காரணம் சொன்னார். அடுத்து தீபிகா டீச்சர். மாதம்மாள் மட்டும் காரணம் எதுவும் சொல்லாமல், ஆண்டனி ராஜைப் பார்த்துக்கொண்டே, அரசு பஸ்ஸில் ஏறினாள். அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. ஒரு வாரத்தில் அவர் வேனில் அவரும், சந்தைக்குப் போகும் பலாப்பழங்களும், பின்சீட்டு ஸ்பிரிங்கும் மட்டுமே மிஞ்சின.

"ஒரே ஒரு மேட்ச் தோத்தாப் போதுமுங்க" என்று வீட்டில் புலம்பினார்.

இன்பமேரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருசமா ஜெயிக்கோணும் ஜெயிக்கோணும்னுதான கத்துனீங்க?"

"ஜெயிக்கட்டும்னுதான் கத்துனேன். நெசமாவே ஜெயிப்பாங்கன்னு ஆரு கண்டா?"

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவள் மடித்து வைத்த துணி ஒன்றை எடுத்து அவர் மறுபடி மடித்தார். சூறாவளியோ நிற்கவில்லை. அரையிறுதியிலும் ஜெயித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை இறுதியாட்டம் என்றாகிவிட்டது. இதில் கோப்பையை வாங்கிவிட்டால் அடுத்த சீசன் வரைக்கும், ஏன், ஆயுசுக்கும் பேச ஒன்றும் இருக்காது. வேனைப் பலாப்பழத்துக்கே எழுதி வைத்துவிடலாம். தோற்றுவிட்டாலோ... அதை மட்டும் அவர் நினைக்கவே விரும்பவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச்சுக்குப் பக்கத்தில் குகை போலக் கட்டியிருந்த மாதா கெபிக்குப் போனார். ஒரு மெழுகுதிரியை வாங்கி ஏற்றினார். முழங்காலில் நின்று கண்ணை மூடினார். ஜெயிக்கட்டும் என்று தொடங்கினார். காலி சீட்டுகள் கண்முன் வந்தன. தோற்கட்டும் என்று மாற்றினார், நாக்கு ஒட்டிக்கொண்டது. பிற அணிகளின் ரசிகர்கள் மாதாவிடம் எவ்வளவு தெளிவாகப் பேசுவார்கள் என்று பொறாமையாக இருந்தது. கடைசியில் எதையும் கேட்காமலே எழுந்தார். வேண்டுதலே இல்லாமல் மெழுகுதிரி எரிந்தது அந்தக் கெபியில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். வெளியே வந்தவரிடம் இன்பமேரி, "என்னன்னு வேண்டுனீங்க?" என்றாள்.

"மாதாவுக்கே தெரியும்னு உட்டுட்டேன்."

இறுதியாட்டத்தில் சூறாவளி கடைசி வரை முன்னே இருந்தது. மூக்குக்கும் டி.வி.க்கும் ஒரு சாண் இடைவெளியில் ஆண்டனி ராஜ் உட்கார்ந்திருந்தார். கடைசி ரெய்டு. சூறாவளி ஒரு புள்ளி முன்னிலை. பாடிப் போனவன் கவின்குமார். அவன் யாரையும் தொட வேண்டியதில்லை. உள்ளே போய் மூச்சை அடக்கிக் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் கோப்பை. பிடிபட்டால் மட்டும் ஆபத்து: எதிரே மூன்று பேர்தான் மிச்சம்; மூன்று பேரே இருக்கும்போது ஆளைப் பிடித்தால் அந்த அணிக்கு இரண்டு புள்ளி.

"சும்மா நில்லுடா கண்ணு" என்றார் ஆண்டனி ராஜ். அவர் வாயிலிருந்து கவின்குமாருக்குக் கண்ணு என்று வந்ததை இன்பமேரி கவனித்தாள்.

கவின்குமார் சும்மா நின்றான். பாதி நேரம் நின்றான். நேரம் முடியப் போகிறது என்றபோது மூலையில் இருந்தவன் ஒரு காலை முன்னே வைத்தான். அந்தக் காலைப் பார்த்ததும் கவின்குமாருக்கு என்ன தோன்றியதோ, குனிந்து கையை நீட்டினான். மூன்று பேரும் அவன் மேல் விழுந்தார்கள்.

ஒரு புள்ளியில் தோல்வி.

இன்பமேரி டி.வி.யை அணைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். வருத்தப்படுவதா, வாழ்த்துவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து போய் வேனைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வேனை யாரும் துடைத்ததே இல்லை.

திங்கட்கிழமை காலை பனி முகத்தில் அடித்தது. கரடியூர் நிறுத்தத்தில் ஒரு கூட்டமே நின்றது. காளியண்ணனின் வேன் வந்து, டி.வி.யில் சிரித்துக்காட்டி, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. அரசு பஸ்ஸும் போனது. ஆண்டனி ராஜின் வேன் வந்ததும் ஜீவானந்தம் முதுகு வலியை மறந்து முன்சீட்டில் பாய்ந்தார். மாதம்மாளும் தீபிகா டீச்சரும் பின்னால் நெருக்கிக்கொண்டார்கள். ஸ்பிரிங் மேலேகூட ஒருவர் உட்கார்ந்தார்.

வேன் கிளம்பியது. எல்லோரும் அவர் முதுகைப் பார்த்தார்கள். ஆண்டனி ராஜ் ரோட்டைப் பார்த்தார். மிளகுக்கொடி ஏறிய மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வந்து போயின.

"ஆரம்பிக்கறதுங்களா?" என்றாள் தீபிகா டீச்சர் மெதுவாக.

அவர் ஹாரனை அடித்தார். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"சரி, நானே சொல்றேன்" என்றார் ஜீவானந்தம். "முட்டாப்பயலுங்க அவன். சும்மா நின்னாப் போதும்னு நானே டி.வி. முன்னால நின்னு கத்துறேன். எனக்கு அந்த ஆட்டம் என்னன்னே தெரியாது, எனக்கே தெரியுது."

"நேத்துத்தான் நானு மொத மொதல்ல ஒக்காந்து பாத்தேன்" என்றாள் மாதம்மாள். "முக்காட்டைப் போட்டுக்கிட்டு நான் போயிருந்தாக்கூடப் பாடிட்டு வந்திருப்பேன். அவன் மசுரு கலையாம திரும்பியிருந்தா ஆச்சு."

"எங்க வகுப்புப் பையனா இருந்தா டி.சி. குடுத்து ஊட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றாள் டீச்சர்.

வேன் குலுங்கி வேகம் குறைந்தது. ஆண்டனி ராஜ் பாதி உடம்பைப் பின்னால் திருப்பிவிட்டார்.

"எதுக்குங்க டி.சி.? பாதி ஆட்டத்துல பதினோரு பாயிண்டு எடுத்தது ஆரு? நீங்களா?"

மாதம்மாள் தூக்குப்போசியை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தாள்.

"ஏனுங்க, நீங்கதானுங்க இத்தனை வருசமா அவனை..." என்று ஜீவானந்தம் இழுத்தார்.

"நான் திட்டுவேனுங்க சார். நான் அவன் சின்னப் பையனா வந்த நாளுல இருந்து பாத்தவன். நீங்க நேத்துப் பாத்தவங்க. சும்மா நின்னு கோப்பை வாங்கறதுக்கு அவன் என்ன வாட்ச்மேனா? எதுத்தாப்புல காலை நீட்டறான், இவன் தொடாம வரணுமா? தொடறதுக்குத்தானுங்க அந்த ஆட்டமே."

"தொட்டானுங்களா?" என்றார் ஜீவானந்தம்.

"தொட்டிருப்பான். அரை அடிதான் கொறைஞ்சுது."

"கயிறு அரை அடி நீண்டிருந்தா எங்கூட்டு ஆடுகூடத்தான் தோட்டத்துல மேஞ்சிருக்கும்" என்றாள் மாதம்மாள். "நொம்ப நாயம் பேசாதீங்க. தோத்தான்னா தோத்தான்."

"அக்கா, உங்களுக்கு ஏழு பேரு ஆடறாங்களா எட்டுப் பேரு ஆடறாங்களான்னே தெரியாது."

"அந்த மூணு பேரு பிடிச்சது எனக்குத் தெரியுமில்ல?"

வேன் முழுக்கச் சிரித்தது. ஆண்டனி ராஜ் சிரிக்கவில்லை. காது மடல் சிவக்க, கோச்சின் தவறு என்ன, கேப்டன் ஏன் சைகை காட்டவில்லை, அம்பயர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் வேன் மொத்தம். எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் அவர்கள் தட்டிவிட்டார்கள். கற்றுக்கொடுத்தவரே எதிரே கிடைத்துவிட்டதால் ஒருவருக்கும் இரக்கம் இல்லை. எஸ்டேட் கேட் போனது. பள்ளிக்கூடம் போனது. பஸ் ஸ்டாண்டு போனது. பேங்கின் ஷட்டரைத் திறந்துகொண்டிருந்தவர் ஜீவானந்தத்தைப் பார்த்துக் கையசைத்தார். இவரும் கையசைத்துவிட்டு அம்பயர் விஷயத்துக்குத் திரும்பினார்.

அடிவாரம் போகும் ரோட்டில் இரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்கிய பிறகுதான் தீபிகா டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே வெயிலில் சேலம் தெரிந்தது.

"எறங்கறவங்க ஆராச்சும் இருக்கறீங்களா?" என்று ஆண்டனி ராஜ் கேட்டார். வண்டியைத் திருப்ப இடம் தேடி ஓரங்கட்டினார்.

"நீங்க பேச்சை மாத்தாதீங்க" என்றாள் மாதம்மாள். "அந்தப் பையன் எதுக்குக் குனிஞ்சான்? அதுக்குச் சொல்லுங்க மொதல்ல."

அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டு, தலையைப் பின்னால் திருப்பி, வண்டியை எடுக்காமல் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினார்.