மூட்டைக்கு நாலு கை

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தேன். என் கோழிகள் சீக்கு கம்மியாகவும் எடை ஜாஸ்தியாகவும் வளர்ந்ததற்குக் காரணம் என் மனைவி. கீழாநெல்லியையும் வேப்பிலையையும் நிழலில் காயவைத்து இடித்து, மஞ்சள்தூளோடு தீவனத்தில் கலந்துவிடுவாள். மூட்டைக்கு நாலு கை. அதுதான் அவள் கணக்கு.

ஒருநாள் கோழி எடுக்க வந்த வியாபாரி, "இன்னா போட்டு வளக்கறீங்க, இப்படி கொழுகொழுன்னு கீதே?" என்றார். அவளும் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "எல்லாம் நம்ம கைப்பக்குவம்" என்று மீசையைத் தடவிக்கொண்டேன். வேன் கிளம்பியதும், "யாரு கைப்பக்குவம்?" என்று கேட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ரெண்டு இலைய இடிச்சுப் போட்டுட்டா நீ டாக்டரா? நீ இல்லன்னாலும் என் கோழி வளரும்" என்று கத்தினேன். மறுநாள் காலை போளூர் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த பேட்ச் குஞ்சுகள் வந்தன. வீம்புக்கு நானே இடித்தேன், நானே கலந்தேன், நாலு கை. குஞ்சுகள் ஒரு கொத்து கொத்திவிட்டு விலகி நின்றன. இரண்டு நாள் சரியாகத் தின்னவே இல்லை. கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். கசப்பு நாக்கை விட்டுப் போகவில்லை.

அன்று பௌர்ணமி. சாயங்காலத்திலிருந்தே வாசலில் ஜனம் கிரிவலம் போய்க்கொண்டிருந்தது. பண்ணை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் எட்டி நடந்தார்கள். அத்தனை பேர் நடுவில் பேச ஆளில்லாமல் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், குஞ்சுகளைவிட எனக்குத்தான் அவள் வேண்டியிருந்தாள். அதைக் கேட்க வாய் வரவில்லை. குஞ்சு சுணங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது, கட்டாயம் ஓடி வருவாள் என்று நினைத்துக்கொண்டு டெலிபோன் பூத்துக்குப் போனேன்.

"குஞ்சுங்க தின்ன மாட்டேங்குது."

"எவ்ளோ போட்ட?"

"நாலு கை. நீ போடற மாதிரிதான்."

"என் கை சின்னது. உன் கைக்கு ரெண்டு போதும், குவிக்காத. வேப்பிலைய கம்மி பண்ணு." போனை வைக்கப் போனவள் மறுபடி சொன்னாள்: "மழைக்கு ஏரிக்கரையில கீழாநெல்லி நெறைய முளைக்கும். வருஷத்துக்கும் ஆவற மாதிரி பறிச்சு காயவச்சுக்க."

பழைய தீவனத்தை வாரிக் கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகக் கலந்தேன், மட்டமாக இரண்டு கை. மதியத்துக்குள் குஞ்சுகள் முண்டியடித்துத் தின்றன. நான் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். திரும்பி வருகிற எண்ணம் இருப்பவள் வருஷத்துக்கும் பறித்து வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டாள்.