சாய்ந்த எழுத்தின் சொந்தக்காரி

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அச்சகத்தில் எல்லோரும் சொல்வார்கள். கோபப்படாமல் என்ன செய்வாள்? அவள் பெற்ற பிள்ளைக்கு இன்னொருவர் தகப்பன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பிள்ளை என்று சொல்வது ஓர் எழுத்துருவை. தடித்து, முன்பக்கம் சாய்ந்து நிற்கும் விளம்பர எழுத்து அது. தகப்பன் வேஷம் போட்டவர் அவளுடைய மூத்தார், கணவனின் அண்ணன், அச்சகத்தின் முதலாளி.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளை பில் போட உட்கார வைத்தார்கள். ஒரு பேருந்துக்காரர் வண்டியில் ஒட்டப் பெயர் கேட்டு வந்தார். கணினியில் இருந்த எழுத்தெல்லாம் ரேஷன் வரிசை மாதிரி விறைத்து நின்றது. அவளே ஒரு தாளை இழுத்து வரைந்து, கணினியிலும் ஏற்றினாள். கெட்டியான கால், நெருக்கிப் பிடித்த சுழி, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைப் போல முன்னால் தள்ளிய உடம்பு. அதற்கப்புறம் டயர் கடை, துணிக்கடைத் தள்ளுபடி, ஓட்டப்பந்தயம், சோப்புத்தூள் பாக்கெட் என்று ஊரெல்லாம் அந்த எழுத்துதான்.

எங்கே அது கூடாது என்பதிலும் அவள் பிடிவாதக்காரி. கல்யாணப் பத்திரிகை முழுவதையும் அதில் கேட்டு வந்தவரிடம், "கல்யாணத்துக்குக் கூப்பிடுறீங்களா, சண்டைக்குக் கூப்பிடுறீங்களா? மூணு சொல்லுக்கு மேல போனா இது கத்தும்ங்க" என்றாள். இரங்கல் சுவரொட்டிக்குக் கேட்டவரிடம், "செத்தவரு இனிமே எங்கங்க ஓடப்போறாரு?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்த எழுத்தில் போட்டுக் கொடுத்தாள்.

அச்சக உரிமையாளர் சங்கம் அந்த எழுத்துக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தது. அழைப்பிதழ் இவர்கள் இயந்திரத்திலேயே ஓடியது. மை காயாத தாளை எடுத்துப் பார்த்தாள். வடிவமைத்தவர் என்ற இடத்தில் மூத்தாரின் பெயர். அவளுக்குக் காது மடல் வரை எரிந்தது.

"ஒரே வீட்டுக்குள்ள உன் பேரென்ன, அண்ணன் பேரென்ன? விடேன்" என்றான் கணவன்.

"உங்க அண்ணன் செஞ்ச தப்புக்கெல்லாம் உங்க பேரைப் போட்டா விடுவீங்களா?"

அவன் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் அவளுக்கு இடம். மேடையில் மூத்தார் அளந்துகொண்டிருந்தார். "கண்ணு முழிச்சு ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சேன்." ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

முன்வரிசையில் இருந்த அச்சகக்காரர் ஒருவர் ஆசையாகக் கேட்டார். "உங்க பேரையே அதுல அடிச்சுக் காட்டுங்களேன்."

மூத்தார் ஒற்றை விரலால் அடித்தார். பெரிய திரையில் பெயர் வந்தது, நடுவில் ஒரு காலிக் கட்டத்தோடு. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் கட்டம். வேலை வர வர, தேவைப்படும் எழுத்தை மட்டும் வரைந்து சேர்ப்பது அவள் வழக்கம். அவர் பெயரில் இருந்த வடமொழி எழுத்தை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. வரைந்தேன் என்று மார்தட்டிய மனிதர் இத்தனை வருஷத்தில் தன் பெயரைக்கூட அதில் அடித்துப் பார்த்ததில்லை!

அவர் அசடு வழிந்தபடி அவளைத் தேடினார். "வந்து இதைச் சரி பண்ணிக் குடும்மா."

கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சும்மா உக்காரு. மானம் போகுது."

"யார் மானம்?"

கையை உதறிவிட்டு மேடை ஏறினாள். தன் பெயரை அடித்தாள். ஓர் எழுத்துக்கூடக் குறையாமல், திரையை அடைத்துக்கொண்டு, தடியாக, முன்னால் பாய்ந்து நின்றது பெயர். அரங்கில் சலசலப்பு.

மூத்தார் மைக்கை இறுக்கிப் பிடித்துச் சிரித்தார். "என் தம்பி பொண்டாட்டிதான். எல்லாம் ஒரே குடும்பம்."

"குடும்பம்தான் அத்தான். இதை வரைஞ்சது யாரு? அதே மைக்ல சொல்லுங்க."

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்மா."

"வீட்ல எல்லாருக்கும் தெரியும். இங்க சொல்லுங்க."

அவர் சொல்கிற வரைக்கும் அவள் மேடையைவிட்டு இறங்கவில்லை.